மருந்துண்ணும் முறை

திருவண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. நிறைமதி நாளில் காலந்தவறி உண்டு நடப்போர் சிலர்க்கு அவ்வூரை அடையுமுன் நெஞ்செரிச்சல் தோன்றுதல் உண்டு. அதனைத் தணிக்க அவர்கள் பருகும் வெண்ணிற மருந்துகள் பலவற்றில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரப்பொருள் உள்ளது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட்டுக் கல்லில் உள்ள உலோகமே இதிலும் அமைந்துள்ளது.

இக்காரம் இரைப்பை அமிலத்தோடு கூடி உப்பும் நீருமாக மாறுகின்றது, எரிச்சல் அடங்குகின்றது. அவ்வுப்பு குடலிற் சென்று நீரை ஈர்த்துக்கொள்வதால் மலம் இளகுகின்றது. எனவே, இம்மருந்து சிற்றளவில் எரிச்சலைத் தணிக்கும், பேரளவில் பேதியாகும்.

ஆயினும், டெட்ராசைக்கிளின், சிப்ரோபிளாக்சசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இதனோடு ஒருங்கே உண்ணலாகாது. மக்னீசியம் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட மருந்து குருதியிற் கலவாது வீணே வெளியேறும். மருந்துண்டும் நோய் தீராது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் இடையே 4 மணி நேரமேனும் கழிதல் வேண்டும். ஏனைய மருந்துகட்குரிய இடைவெளியை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில் மக்னீசியம் தேங்கித் தீங்கு விளைக்குமாதலின், அவர்கள் மருத்துவரைக் கேளாது இதனை உண்ணுதல் கூடாது.

மருந்தின் பெயரை அறிதல் மட்டும் போதாது. உண்ணும் அளவையும் காலத்தையும் அறிதல் வேண்டும்.