மலையும் மன்றும் – 14: தந்தை தொகுத்த சாசனம், மகன் மீறிய சட்டம்

சென்ற வாரம் 1848இன் இராணுவச் சட்ட நாட்களோடு நிறுத்தினோம். புரொக்டர்கள் அத்தனை பேரும் அந்தப் பிக்கு நிரபராதி என்று சொன்னாலும் விடிந்ததும் அவர் சுடப்படத்தான் வேண்டும் என்று அன்றைய தேசாதிபதி டொரிங்டன் பிரபு சீறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது போதும்.

இந்த வாரம் வில்லியம் கோபல்லாவவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மாத்தளையில் புரொக்டராகத் தொழில் செய்த ஒருவர் இந்த நாட்டின் கடைசி மகா தேசாதிபதியாகவும் முதல் ஜனாதிபதியாகவும் ஆன கதை அது. அவர் மாத்தளையில் வழக்காடிக்கொண்டிருந்த ஆண்டுகளைப் படித்துக்கொண்டு வந்தபோது 1937இல் சிக்கிக்கொண்டேன். அந்த ஆண்டு மே மாதம் கொழும்பில் மூன்று நீதியரசர்கள் வழங்கிய ஒரு தீர்ப்பின் வேர் நமது மலையில் இருக்கிறது. 1848இல் புரொக்டர்களின் வாய்க்கு மதிப்பில்லை என்று சொன்ன அதே தேசாதிபதி ஆசனத்துக்கு, 89 ஆண்டுகள் கழித்துச் சட்டம் தந்த பதில் அது. அதை எழுதாமல் கோபல்லாவவுக்குப் போக மனம் வரவில்லை.

மடுல்கலையில் ரெலுகாஸ் என்றொரு தேயிலைத் தோட்டம். இன்றைய எல்லைப்படி மடுல்கலை கண்டி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்களோ அதை மாத்தளையை அடுத்த தோட்டம் என்றே குறிப்பிடுகிறார்கள். நக்கிள்ஸ் மலையின் அடிவாரத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. 1936 ஏப்ரலில் அங்கே ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், வயது 23. இலண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவன். அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்திருந்தவன். தோட்டத் தொழில் பழக வரும் வெள்ளை இளைஞர்களைத் துரைமார் ‘கிரீப்பர்’ என்பார்கள். பழகி முடித்தால் சின்னத் துரை, பிறகு பெரிய துரை, மலை உச்சியில் பங்களா, பட்லர், குதிரை. பாதை போட்டு வைத்த வாழ்க்கை.

அவன் அந்தப் பாதையில் போகவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் பார்த்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடக்கும் லயங்களைப் பார்த்தான். தொழிலாளரோடு சமமாகப் பழகினான், அவர்கள் பக்கம் பேசினான். வெள்ளைத்தோல் கொண்ட ஒருவன் துரைமார் உலகத்தில் செய்யவே கூடாத காரியம் அது. வேலை போயிற்று. கொழும்புக்கு இறங்கி, பிறந்து ஒரு வருடமே ஆகியிருந்த லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தான். அந்தக் கட்சியின் இரண்டு பேர், பிலிப் குணவர்தனவும் கலாநிதி என்.எம். பெரேராவும், அப்போது அரசாங்க சபையில் இருந்தார்கள்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசினார். என்.எம். பெரேரா அந்த வெள்ளைத் தோழரை அறிமுகம் செய்ய, பிரேஸ்கேர்டில் எழுந்து துரைமாரைச் சாடினான். தோட்டத்தின் உள்ளே இருந்து பார்த்தவன் பேசுகிறான். அது துரைமாரின் காதுக்கு எப்படிப் போயிருக்கும் என்று மலையகத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் 22ஆம் திகதி தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸின் கட்டளை அவன் கைக்கு வந்தது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் இலங்கையை விட்டுப் போய்விட வேண்டும். எந்த நீதிமன்றத்திலும் குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இல்லை. கட்டளை மட்டும்.

இந்த ஸ்டப்ஸ் யாருடைய மகன் என்பதுதான் இந்த வாரம் முழுவதும் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அவருடைய தந்தை வில்லியம் ஸ்டப்ஸ். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். பின்னர் செஸ்டரிலும் ஒக்ஸ்போர்டிலும் ஆயராக இருந்தவர். இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர். அதற்கும் முன்பே, 1870இல், இங்கிலாந்தின் பழைய சாசனங்களை ஒரே நூலில் தொகுத்து வெளியிட்டவர். தலைமுறை தலைமுறையாக ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் அந்த நூலை வைத்துத்தான் பரீட்சை எழுதினார்கள். அந்தத் தொகுப்பின் நெஞ்சு மாக்னா கார்ட்டா, 1215இல் ஜோன் மன்னனிடம் பிரபுக்கள் முத்திரை வாங்கிய பெருஞ்சாசனம். இங்கிலாந்தின் அரசியல் வரலாறு முழுவதையும் அந்தச் சாசனத்திலிருந்தே விரித்துப் பார்த்தவர் அந்தத் தந்தை.

அந்தச் சாசனத்தின் 39ஆவது பிரிவு சொல்வது இதுதான்: சுதந்திர மனிதன் எவனையும், நாட்டின் சட்டப்படியோ அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பின்படியோ அல்லாமல், பிடிக்கவோ சிறையில் அடைக்கவோ உடைமையைப் பறிக்கவோ நாடு கடத்தவோ கூடாது. நாடு கடத்தல் என்பது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஜோன் மன்னனுக்கு 1215இல் விதித்த தடையை உலகம் வாசிக்கும்படி பதிப்பித்தவரின் மகன், அதே ஒக்ஸ்போர்டில் படித்து வந்தவர், 1937இல் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு விசாரணை இல்லாமல் ஒருவனை நாடு கடத்தக் கையெழுத்திட்டார். ஹொங்கொங், ஜமெய்க்கா, சைப்பிரஸ் என்று மூன்று காலனிகளை ஆண்டுவிட்டு வந்தவர் அவர். இங்கிலாந்துக்காரனுக்கு அச்சிட்ட சட்டம் காலனிக்குக் கப்பல் ஏறாது என்ற எண்ணம் அந்தப் பதவிகளில் எவ்வளவு இயல்பாக ஊறிப்போயிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பிரேஸ்கேர்டில் கப்பல் ஏறவில்லை. தலைமறைவானான். பொலிஸ் தீவு முழுவதும் தேடியது. அந்த ஆண்டு மே தின ஊர்வலத்தில் பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து என்ற கோஷம் எழுந்தது. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. காலிமுகத்திடலில் பெருங்கூட்டம். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, ஏ.ஈ. குணசிங்க, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஹன்டி பேரின்பநாயகம் ஆகியோர் பேசினார்கள். அந்த மேடையில் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளும் நின்றார். தோட்டத் தொழிலாளர் நடுவே பாட்டாலும் பேச்சாலும் வேலை செய்தவர் அவர். வழக்கின் ஆரம்பம் எந்த மக்களுடையது என்பதை அந்த மேடைக்கு நினைவூட்ட அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. தேடப்பட்டவனே அந்தக் கூட்டத்தில் தோன்றினான். அத்தனை சனத்தின் நடுவில் பொலிஸால் கை வைக்க முடியவில்லை.

ஓரிரு நாட்களில் புதுக்கடையில், கட்சிச் செயலாளரும் சட்டத்தரணியுமான வேர்னன் குணசேகரவின் வீட்டில் வைத்து அவனைப் பிடித்தார்கள். இங்கேதான் சட்டத்தரணிகளின் வேலை தொடங்குகிறது. அதற்கு அவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தார்கள். ஆளைப் பிடித்து வைத்தால்தான் ஆட்கொணர்வு மனு போட முடியும்: ஆளை மன்றின் முன் நிறுத்து, எந்தச் சட்டத்தின்படி பிடித்தாய் என்று காட்டு. நாட்டின் முதன்மையான சிவில் வழக்கறிஞர் எச்.வி. பெரேரா கூலி வாங்காமல் வழக்கை ஏற்றார். வழக்கு மன்றுக்கு வந்த அன்றுதான் அவருக்கு அரச சட்டத்தரணிக்குரிய கே.சி. பட்டம் கிடைத்தது என்று அந்தக் காலத்து வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அரசர் பெயரால் வந்த பட்டத்தைப் பெற்றுக்கொண்ட நாளில் அரசரின் பிரதிநிதியை எதிர்த்து வாதாடினார். சட்டத்தரணிகளின் பெருமைக்குரிய நாட்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அந்த நாளை நான் மேலே வைப்பேன்.

அரசு காட்டிய ஆதாரம் 1896ஆம் ஆண்டின் ஒரு கட்டளை. அவசர நிலையில் ஆட்களை வெளியேற்றத் தேசாதிபதிக்கு அது அதிகாரம் தந்தது. 1937இல் யுத்தமும் இல்லை, கலகமும் இல்லை. அதிகாரத்தை எப்போது பயன்படுத்துவது என்பதைத் தேசாதிபதியே முடிவு செய்வார், நீதிமன்றம் அதற்குள் நுழையக் கூடாது என்பதே அரச தரப்பின் நிலை.

மூன்று நீதியரசர்கள் அமர்ந்தார்கள். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ், மார்டென்ஸ், சோர்ட்ஸ். ஏப்ரஹாம்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1906இல் ஏதென்ஸிலும் 1912இல் ஸ்டொக்ஹோமிலும் நீளம் பாய்தலில் பிரித்தானியாவுக்காகக் களமிறங்கியவர் அவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரைத் தங்கத்துக்கு ஓடிய ஹரல்ட் ஏப்ரஹாம்ஸ் அவருடைய தம்பி. பின்னாளில் ‘செரியட்ஸ் ஒஃப் ஃபயர்’ படம் அந்தத் தம்பியை உலகறியச் செய்தது. அண்ணனோ உகண்டாவிலும் தங்கனீக்காவிலும் பிரதம நீதியரசராக இருந்துவிட்டு, 1936இல் இலங்கைக்கு வந்தார். நீளம் பாய்பவன் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டால், எவ்வளவு தூரம் பாய்ந்தாலும் அந்தப் பாய்ச்சலை அளக்கவே மாட்டார்கள். 1937 மே 18ஆம் திகதி வந்த தீர்ப்பும் அப்படித்தான். பிரேஸ்கேர்டில் பேசியது நல்லதா கெட்டதா என்று அது அளக்கப் போகவில்லை. தேசாதிபதியின் கால் எங்கே பதிந்தது என்று பார்த்தது. அவசர நிலைக்கென்று தந்த அதிகாரம் அவசர நிலை இல்லாத இடத்தில் செல்லாது. அது இருந்ததா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் எவனுடைய சுதந்திரத்தையும் பறிக்க முடியாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு மாக்னா கார்ட்டாவையே சாட்சிக்கு அழைத்தது. தந்தை தொகுத்த சாசனம் மகனின் கட்டளையை அடித்துப் போட்டது. பிரேஸ்கேர்டில் அன்றே விடுதலை ஆனான். அடுத்த மாத இறுதியில் ஸ்டப்ஸ் இலங்கையை விட்டுப் போனார்.

இது சிறிய காரியம் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1931இல், நைஜீரியாவில் எலெக்கோ எஷுக்பாயி என்ற தலைவரைத் தேசாதிபதி வெளியேற்றிய வழக்கில், நிர்வாகம் தன் செயலின் சட்டபூர்வத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று பிரிவிக் கவுன்சிலில் அட்கின் பிரபு எழுதினார். அதே அட்கின் பிரபு, பத்து வருடங்கள் கழித்து யுத்தத்தின் நடுவே, விசாரணையில்லாத் தடுப்புக்காவல் வழக்கான லிவர்சிட்ஜ் வழக்கில், தன் சகாக்கள் எல்லோரும் அமைச்சரின் பக்கம் சாய்ந்தபோது தனியாக நின்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். இந்த இரண்டு வழக்குகளுக்கும் இடையில், இலண்டன் தளர்ந்துபோவதற்கு முன்பே, கொழும்பு நிமிர்ந்து நின்றது. இலங்கையின் சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதன் ஆரம்பம் மடுல்கலையின் தேயிலை மலை என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

அதைவிடக் கனமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. பிரேஸ்கேர்டில் யாருக்காகப் பேசினானோ அவர்களுக்கு இந்தத் தீர்ப்பால் என்ன கிடைத்தது? ரெலுகாஸின் லயத்தில் இருந்த ஒரு தொழிலாளி கூட்டத்துக்குப் போனதற்காகப் பத்துச்சீட்டு வாங்கித் தோட்டத்தை விட்டு இறங்கினால், அவனுக்காகக் கூலி வாங்காமல் வாதாட எந்த கே.சி. வந்திருப்பார்? அவன் எந்த நீதிமன்றத்தின் படியேறியிருப்பான்? கங்காணிக்குக் கங்காணி கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்திருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அந்த அளவுக்கு வழி திறந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்துக் கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரில் போன வழக்கு 1953இல் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. விசாரணையில்லாமல் ஒருவனை வெளியேற்றக் கூடாது என்று 1937இல் நிமிர்ந்து நின்ற அதே சட்ட மரபு, இலட்சக்கணக்கானவர்களின் உரிமை ஒரே சட்டத்தால் பறிபோனபோது காக்க முன்வரவில்லை. பிரேஸ்கேர்டில் தீர்ப்பைக் கொண்டாடுபவன் நான். இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கொண்டாட மாட்டேன். ஒரு மனிதனுக்காக அந்தச் சட்டத்தரணிகள் காட்டிய துணிவை ஒரு முழுச் சமூகத்துக்காகவும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பிரேஸ்கேர்டில் அந்த ஆண்டின் பிற்பகுதியில் தானாகவே இலங்கையை விட்டுப் போய், 1999இல் காலமானார். அவரைப் பற்றி அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவின் கதை தனியாக இருக்கிறது. பொலிஸ் மா அதிபர் பேங்க்ஸும் உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்கவும் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று மோதிக்கொண்ட கதை அது. இடம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அடுத்த வாரம் கோபல்லாவ, உறுதியாக. 1937 மே மாதத்தில் மாத்தளையில் புரொக்டராக இருந்தவர், 1962 மார்ச் 2ஆம் திகதி, ஸ்டப்ஸ் இருந்த அதே மாளிகைக்கு மகா தேசாதிபதியாகப் போனார். அந்தக் கதவை அவருக்குத் திறந்தது அதே ஆண்டு ஜனவரியில் முறியடிக்கப்பட்ட இராணுவச் சதி. அந்தச் சதியை விசாரிக்க நீதி அமைச்சர் நியமித்த மூன்று நீதியரசர்கள், தங்களை நியமித்த முறையே செல்லாது என்று சொல்லி எழுந்து போனார்கள். 1937இன் தொடர்ச்சி அங்கே இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.