இதயக் கட்டியும் உறையாத குருதியும்

குருதிக்கு இரு கடமைகள் உண்டு. குழாய்க்குள் இருக்கும்வரை அது தடையின்றி ஓட வேண்டும். குழாய் கிழிந்தால் அவ்விடத்தில் உறைந்து கசிவை அடைக்க வேண்டும். ஓட வேண்டிய இடத்தில் உறைவதும் உறைய வேண்டிய இடத்தில் ஓடுவதும் உயிருக்குக் கேடாகும். இவ்விரு கேடுகளும் ஓருடலில் ஒருங்கே நிகழக்கூடும் என்பதை நாய்களின் இதயத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் உணர்த்துகிறது.

மனித இதயத்தைப் போலவே நாயின் இதயமும் நான்கு அறைகள் உடையது. அதனை இரட்டைச் சவ்வாலான இதய உறை பொதிந்துள்ளது. உறைக்குள் இருக்கும் சிறிதளவு நீர்மம், துடிக்கும் இதயத்தை உராய்விலிருந்து காக்கிறது.

நாய்களின் இதயக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது ஹெமாஞ்சியோசார்கோமா ஆகும். குருதிக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலிருந்து உருவாகும் இக்கட்டி, பெரும்பாலும் வலது ஆரிக்கிளில் வளர்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் ஆகிய இனங்களில் இது மிகுதி. கட்டிக்குள் தோன்றும் குழாய்கள் ஒழுங்கற்றவை; அவற்றின் சுவர்கள் வலுவற்றவை. அவை எளிதில் கிழிய, கசியும் குருதி இதய உறைக்குள் தேங்குகிறது.

இதய உறை விரைந்து விரியும் தன்மையதன்று. எனவே, திடீரெனத் தேங்கும் குருதி சிறிதளவே ஆயினும் இதயத்தை வெளியிலிருந்து அழுத்துகிறது. அழுத்தம் குறைந்த வலப்புற அறைகளே முதலில் நெரிபடுகின்றன. அறைகள் நிரம்பாவிடில், இதயம் எவ்வளவு விரைந்து துடித்தாலும் உடலுக்குப் போதிய குருதியை அனுப்ப இயலாது. ஈறுகள் வெளிறுகின்றன, நாய் தளர்ந்து சரிகிறது.

இயல்பான உடலில் காயம் ஏற்பட்டதும் குருதித் தட்டுகள் அங்குக் கூடுகின்றன. உறைதற் காரணிகள் ஒன்றையொன்று தூண்ட, இறுதியில் த்ராம்பின் என்னும் நொதி ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைவலையில் குருதிச் செல்கள் சிக்கி, கசிவு அடைபடுகிறது. புற்றுக்கட்டியோ இவ்வினையை ஓயாது தூண்டவல்லது. அந்நிலையில் நுண்குழாய்களில் தேவையின்றிச் சிறு உறைகட்டிகள் தோன்றுகின்றன. தட்டுகளும் காரணிகளும் அங்கேயே செலவாகிவிடுவதால், உண்மையான கசிவை அடைக்க அவை எஞ்சுவதில்லை.

உயிர்காக்கும் முதல் வழி, தேங்கிய குருதியை ஊசியால் வெளியேற்றுவதாகும். வெளிவரும் செந்நீர்மம் உறையிலிருந்து வருகிறதா, இதய அறையிலிருந்து வருகிறதா என்பதை மருத்துவர் உடனே அறிய வேண்டும். அதற்காக அதில் சிறிதளவைக் குழாயில் இட்டு நோக்குவர். உறைக்குள் தேங்கிய குருதி முன்னரே உறைந்து, அதன் ஃபைப்ரினும் சிதைந்திருப்பதால், பெரும்பாலும் மீண்டும் உறைவதில்லை. உறைந்தால், ஊசி இதயத்தைத் துளைத்திருக்கலாம்; அல்லது கட்டி அப்பொழுதுதான் கசிந்துகொண்டிருக்கலாம். உடலெங்கும் உறைதிறன் குன்றிய நாய்க்கோ இச்சோதனை மட்டும் போதாது. ஆகவே, மீயொலிப் படமும் துணை நிற்கிறது.

குருதி வெளியேறியதும் இதயம் மீண்டும் நிரம்புகிறது. நாய் விரைவில் தேறுகிறது. எனினும், கட்டி அங்கேயே இருக்கிறது. அறுவையும் புற்றுநோய் மருந்துகளும் வாழ்நாளைப் பெரும்பாலும் சில மாதங்களே நீட்டிக்கின்றன.

சிறிய கசிவு நின்று, தேங்கிய குருதி உடலால் உறிஞ்சப்படுவதும் உண்டு. அப்பொழுது மயங்கிய நாய் ஓரிரு நாளில் தானாகவே எழுந்து நடமாடும். நலம் பெற்றதென எண்ணி வளர்ப்போர் அமைதியடைவர். ஆனால், அடுத்த கசிவு பெரிதாகலாம். காரணமின்றி வரும் மயக்கத்தையும் ஈறுகளின் வெளிறலையும், அவை மறைந்த பின்னரும், கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பதே வாயில்லா உயிருக்கு மனிதர் செய்யத்தக்க உதவியாகும்.