எண்ணெயில் தொங்கும் பாரம்
உழவு இயந்திரத்தின் மும்முனை இணைப்பில் கை வைக்குமுன் எம்மவர் அறிய வேண்டியவை

ரொறன்ரோவுக்கு வடக்கே, ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவிலுள்ள பண்ணை ஒன்றில் வேலை செய்யும் எம்மவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். கிளிநொச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். ஊரில் மசி பேர்குசன் உழவு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதில் இருபது வருடப் பழக்கம் உள்ளவர். அவரது இடது கையின் சுட்டுவிரல் இப்போது பாதிதான். "செல் அடியோ அண்ணை?" என்று எம்முடன் வந்த இளைஞர் கேட்டார். "இல்லைத் தம்பி, எண்ணெய் அடி" என்றார் அவர்.

நடந்தது இதுதான். பண்ணைப் பாதையில் சரளைக்கல் பரவுவதற்கும் மாரியில் பனி தள்ளுவதற்கும் உழவு இயந்திரத்தின் பின்னால் இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். தகட்டின் சரிவை மாற்ற வேண்டிய ஒவ்வொரு தடவையும் சாரதி இறங்கிச் சென்று, மேல் இணைப்புத் தண்டின் திருகைக் கையால் சுற்ற வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிக்க எண்ணிய பண்ணைக்காரர், திருகுத் தண்டுக்குப் பதிலாக எண்ணெய் அமுக்கத்தில் நீண்டு குறுகும் ஐதரோலிக் தண்டு ஒன்றை வாங்கினார். கூடவே ஒரு வால்வும் இரண்டு இறப்பர்க் குழாய்களும் வந்தன. "நீ மெக்கானிக்தானே, பூட்டிவிடு" என்று சொல்லிவிட்டார். நண்பர் பூட்டினார். இயந்திரத்தை ஓடவிட்டபோது ஒரு மூட்டில் புகைபோல எண்ணெய் கசிவதைக் கண்டு, எங்கிருந்து வருகிறது எனப் பார்க்க விரலால் தடவினார். எறும்பு கடித்தது போன்ற ஒரு சுருக்கு. இரத்தம்கூட வரவில்லை. மாலைவரை வேலை செய்தார். இரவில் கை வீங்கி நீலம் பாரித்தது. மறுநாள் சத்திரசிகிச்சை, விரலில் பாதி போயிற்று.

எம்மவர் பலருக்கு உழவு இயந்திரம் புதிதல்ல. வயல் உழுததும் அதுவே. 1995 இலும் 2009 இலும் பெட்டியில் பாத்திரம் பண்டங்களோடு எம்மை ஏற்றிச் சென்றதும் அதுவே. ஆகையால் "எனக்குத் தெரியாத மசியோ?" என்ற துணிவு இயல்பாகவே வந்துவிடுகிறது. ரொறன்ரோவாசிகளுக்கு ஓர் இடைக்குறிப்பு: நகரின் நடுவே 1894 இல் திறக்கப்பட்ட மசி மண்டபத்தைக் கட்டியவர், எமது வயல்களில் ஓடிய இயந்திரத்தின் பெயருக்குரிய அதே மசி குடும்பத்தவரே. ரொறன்ரோவின் மசி ஹரிஸ் நிறுவனம் 1953 இல் ஹரி பேர்குசனின் நிறுவனத்தோடு இணைந்தது.

இந்த மும்முனை இணைப்பு பேர்குசனின் மூளையில் உதித்தது. வட அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் 1884 இல் பிறந்த அவர், 1926 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு கலப்பையை வண்டியைப் போல இழுத்தார்கள். கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால், இயந்திரத்தின் முன்பக்கம் கிளம்பிச் சாரதியின் மீதே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். பேர்குசன் கீழே இரு கைகளும் மேலே ஒரு தண்டுமாகக் கலப்பையை இயந்திரத்தின் உறுப்பாகவே ஆக்கினார். கலப்பை மண்ணோடு மல்லுக்கட்டும்போது மேல் தண்டு முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன் சக்கரங்களை நிலத்தோடு அழுத்தி வைத்திருக்கும். ஆகவே மேல் தண்டு வெறும் திருகாணி அன்று. சாரதியின் உயிரோடு சம்பந்தப்பட்ட உறுப்பு. அத்தண்டு பூட்டும் இடத்தில் சங்கிலி கட்டி மரக்குற்றி இழுப்பவர்கள் பேர்குசனின் வேலையைத் தலைகீழாக்குகிறார்கள். முன்பக்கம் கிளம்பத் தொடங்கினால் ஒன்றரை வினாடிக்குள் கவிழ்ந்து முடிந்துவிடும். குதிக்க நேரம் இராது.

அத்தகைய தண்டை மாற்றி ஐதரோலிக் தண்டு வைப்பது தவறில்லை. ஆனால் எவ்வளவு பலத்தைக் கையாள்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கார்ச் சில்லில் உள்ள காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தலுக்குச் சற்று மேல். உழவு இயந்திரத்தின் எண்ணெய் அமுக்கமோ 2,000 இறாத்தலை எளிதில் தாண்டும். இரண்டரை அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரில் அந்த எண்ணெய் தள்ளும் பலம் ஏறக்குறைய 9,800 இறாத்தல், அதாவது நான்கு தொன்னுக்கு மேல். ஊசிமுனைத் துவாரத்தால் அது வெளியேறினால் கையுறையையும் தோலையும் துளைத்து, எண்ணெயைத் தசைக்குள் ஏற்றிவிடும். காயம் சிறிதாகத் தெரிவதே இதன் வஞ்சகம். கசிவைத் தேடுவதற்கு விரல் வேண்டாம். நீண்ட அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் போனதாகச் சந்தேகம் எழுந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "உயர் அமுக்க எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சில மணி நேரத் தாமதம் விரலையும் கையையும் பறித்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். மூட்டு எதையும் தளர்த்துமுன் பின்னால் உள்ள கருவியை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, பின்பு எல்லா நெம்புகோல்களையும் இருபுறமும் அசைத்து உள்ளே தங்கிய அமுக்கத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கி வைத்த பாரத்தின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. அதைத் தாங்கி நிற்பது எண்ணெய். எண்ணெய் முட்டுக்கட்டை ஆகாது. உயர்த்தியே வேலை செய்ய வேண்டுமானால் கனமான மரக்குற்றிகளால் முட்டுக் கொடுங்கள். துளையுள்ள சீமெந்துக் கற்கள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

வால்வை எங்கே பொருத்துவது என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பம்பியிலிருந்து எண்ணெய் ஓயாது சுற்றிவரும் அமைப்பே பல சிறு இயந்திரங்களில் உண்டு. புதிய வால்வை அந்த வழியின் இடையே வைத்தால், எண்ணெய் அதைக் கடந்து பின்கைகளைத் தூக்கும் பகுதிக்குச் செல்ல வேண்டும். அதற்கெனத் தனி வாயில் உள்ள வால்வையே வாங்க வேண்டும். திரும்பும் எண்ணெய்க்கான வாயிலில் அதனைக் கொளுவினால், பின்கைகள் பாரம் தூக்கும்போது முழு அமுக்கமும் அதற்கெனச் செய்யப்படாத அறைக்குள் நின்று வால்வை வெடிக்கச் செய்யும். மசி பேர்குசன் 35, 135 ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் பம்பி கியர்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது எண்ணெய் உறிஞ்சும் வாயிலிலேயே கட்டுப்பாடு உள்ளது. பிறவற்றுக்கான உபகரணங்களை அதில் அப்படியே பூட்டினால் சரிவராது.

சிலிண்டரின் மீதே இரட்டைப் பூட்டு வால்வு ஒன்று இருக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. குழாய் வெடித்தாலும் நெம்புகோல் வால்வு கசிந்தாலும் தண்டை நின்ற இடத்திலேயே அது பிடித்து வைத்திருக்கும். விலை சற்றுக் கூடும் என்று சிலர் அதனைத் தவிர்க்கிறார்கள். அது வீண் சிக்கனம். தண்டின் நடு நீளம் பழைய திருகுத் தண்டின் நீளத்தோடு ஒத்திருக்கட்டும். அளவுக்கு மீறி நீண்டாலோ குறுகினாலோ கருவி சில்லில் முட்டும். பின்னால் சுழலும் தண்டு உள்ள கருவியாயின், அத்தண்டு கழன்று சுழன்றடிக்கவும் கூடும்.

நெம்புகோலை ஆசனத்தில் இருந்தபடியே எட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். கையை எடுத்ததும் தானாக நடுநிலைக்கு வர வேண்டும். பின்சில்லுக்கும் கருவிக்கும் நடுவே நிலத்தில் நின்று நெம்புகோலை இழுப்பவர், தன்னைத்தானே நசுக்கிக்கொள்ள ஆயத்தமாகிறார். குழாய்களைப் பூட்டியபின் பின்கைகளை மிக மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி, எங்கும் நசிகிறதா, சில்லில் உரசுகிறதா எனப் பாருங்கள். சிலிண்டருக்குள் உள்ள காற்று வெளியேறும்வரை அது துள்ளும். அதுவரை எவரும் பின்னால் நிற்கலாகாது. எண்ணெய் மட்டத்தை மறுபடி பார்ப்பதும் அவசியம். புதிய சிலிண்டர் நிரம்பும் எண்ணெய் கியர்ப் பெட்டியிலிருந்தே போகிறது.

நண்பர் இவற்றுள் பாதியை அறிந்திருந்தார். பிறகு ஏன் அவசரப்பட்டார்? அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்த காலம் அது. "தெரியாது, நாளைக்குச் செய்வம் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று நினைச்சன்" என்றார். ஒன்ராறியோவில் கூலிக்கு வேலை செய்யும் பண்ணைத் தொழிலாளரும் 2006 யூன் 30 முதல் தொழிற் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டனர். அபாயமெனக் கருதும் வேலையை மறுக்கும் உரிமையும் அதில் உண்டு. அன்று அவருக்கு இதைச் சொல்ல எவரும் இல்லை.

நாம் புறப்படும்போது கொட்டிலுக்குள் அழைத்துச் சென்று அந்த இயந்திரத்தைக் காட்டினார். பூட்டு வால்வு பின்னர் வாங்கிப் பூட்டப்பட்டிருந்தது. நெம்புகோல் ஆசனத்தின் வலப்பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. ஆசனத்தின் கீழே மடித்துச் செருகிய அட்டைத் துண்டு ஒன்றும் இருந்தது. அதில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.