வட்டியையும் கட்டணத்தையும் தீர்மானிப்பது யார்?

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடி போகும் வழியிலுள்ள வித்துராவில், நான் பார்த்தவரை, நம்மவர் சேமிப்பு வங்கி, சீட்டு, கூட்டுறவுச் சங்கம் என மூன்று இடங்களில்தான் இருக்கும். இப்போது சில வீடுகளில் பரஸ்பர நிதியும் சேர்ந்திருக்கிறது. வட்டியையும் கட்டணத்தையும் 'அவங்க' தீர்மானிக்கிறார்கள் என்பது பொதுவான எண்ணம். அதில் நம் பழக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

எளிய உதாரணம் சீட்டு. 1969-இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டியில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அவசரப்படுபவர் அதிகம் தள்ளிக் கேட்பார். அந்தத் தள்ளுபடி, கமிஷன் போக, மற்றவர்களுக்குப் பங்காக வரும். அவசரத்தின் விலை கண்ணெதிரே தெரிகிறது.

வங்கியில் அப்படித் தெரிவதில்லை. 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கு வட்டியை நிர்ணயிக்கும் உரிமையை ரிசர்வ் வங்கி வங்கிகளிடமே விட்டது. சில தனியார் வங்கிகள் 6 சதவீதம் தந்தன; பெரிய வங்கிகள் 4 சதவீதத்திலேயே நின்றன. சம்பளமும் பென்ஷனும் வரும் கணக்கை யாரும் எளிதில் மாற்றமாட்டார்கள் அல்லவா? ஸ்டேட் வங்கியில் சாதாரண இருப்புக்கான வட்டி 2017-இல் 3.5 ஆகவும், 2025-இல் 2.5 ஆகவும் குறைந்தது.

அதற்காக அதிக வட்டி என்றதும் ஓடிவிடவும் கூடாது. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அதில் சேரா. அவற்றுக்குக் கேரள அரசின் தனி உத்தரவாத நிதி இருக்கிறது. எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டறிந்தே போட வேண்டும்.

பரஸ்பர நிதியில், 2009 ஆகஸ்டுக்கு முன் பங்குத் திட்டத்தில் 1 லட்சம் போட்டால் 2,250 ரூபாய் வரை நுழைவிலேயே கழிந்துவிடும். செபி அதை நீக்கியது. 2013 ஜனவரி முதல் முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமும் உண்டு. ஆனாலும் நம்மவர் கேட்பது, "போன வருஷம் எவ்வளவு ஏறிச்சு?" என்பதைத்தான். "வருஷா வருஷம் எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்பவர் குறைவு. கேட்காத இடத்தில் கட்டணம் ஏன் குறையும்?

கணக்குக்காகப் பார்ப்போம். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 9.65 லட்சம். கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகப் போய் 11 சதவீதமே வளர்ந்தால் 8.06 லட்சம். வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல்! நல்ல முகவரின் உதவி தேவைப்படுவோர் அதற்குரிய கூலியைத் தரலாம்; எவ்வளவு என்று தெரிந்து தர வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஊர் விட்டு வந்து உழைத்துச் சேர்த்த பி.எஃப். பணத்தைப் போடுமுன், என்ன வட்டி, என்ன கட்டணம், எதுவரை காப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் பதிலும் மாறும்.