சாப்பிடாத நாளிலும் இன்சுலின் உண்டு

"சாப்பாடே இறங்கலை, அப்புறம் ஊசி எதுக்கு?" காய்ச்சலும் வாந்தியுமாகச் சர்க்கரை நோயாளி படுத்துவிட்ட வீட்டில் இந்தப் பேச்சு சகஜம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

இன்சுலின் இல்லையென்றால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தும் உடலுக்குப் பயனில்லை. உடல் கொழுப்பைக் கரைக்கும். கீட்டோன் அமிலங்கள் சேரும். மிஞ்சிய சர்க்கரை, சிறுநீரோடு தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது ஒரு பெரியவர் சுமார் 6 லிட்டர் நீரை இழந்திருக்கக்கூடும். ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும்.

முதியவர்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்கெனவே ஏறியிருப்பவர்கள், தாமதமாக வருபவர்கள், ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தடுமாறியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். உயிரைப் பறிப்பது பல சமயம் அமிலம் அல்ல. அதைக் கிளப்பிவிட்ட நிமோனியா, காலில் சீழ்பிடித்த புண், வலியே தெரியாமல் வந்த மாரடைப்பு.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆபத்தைக் கூட்டும். உடலில் நீர் வற்றிய நேரத்தில் டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு மீட்டரில் சர்க்கரை 180 என்று காட்டும்போதே ரத்தம் அமிலமாகியிருக்கலாம். சாதாரண நாளில் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள்தான் இவை. வாந்தி, பட்டினி நாட்களில் நிறுத்திவைத்து, உடனே டாக்டரிடம் கேட்க வேண்டும். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றலாமா என்று கேளுங்கள்.

வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஆழமாக இழுத்து விடும் மூச்சு, வாயில் பழவாசனை, அரைமயக்கம். இவற்றைப் பார்த்தால் அல்சர் என்று ஜெலுசில் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்தக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

அவசர நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் என எல்லா மருத்துவர்களின் கடமை என்று 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்பவர்களிடம் இதைச் சொல்லலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி.

வார்டில் இருக்கும்போது, பொட்டாசியம் பார்த்தார்களா, சிறுநீரை அளக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருக்கும்போது இன்சுலின் ஏற்றினால் அது மேலும் இறங்கி, இதயத் துடிப்பே தடுமாறலாம். முதல் நாள் கிரியேட்டினினைப் பார்த்து, டயாலிசிஸ்தான் என்று அழுதுவிடவும் வேண்டாம். சில பரிசோதனை முறைகளில் கீட்டோனே அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். நீர் ஏற ஏறப் பலருக்கு அது இறங்கிவிடும். வீடு திரும்பிய சில வாரங்களில், டாக்டர் சொல்லும் தேதியில், அதை மறுபடி பார்த்துவிடுங்கள்.