கி. ராஜநாராயணன் நூல்களில் சொல்லகராதியின் இடம்

கி. ராஜநாராயணனின் (1923–2021) நூல்களை நாவல், குறுநாவல், சிறுகதை, கட்டுரை, நாட்டுப்புறக்கதை எனப் பகுப்பது எளிது. அப்பகுப்பில் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ ‘பிற’ என்னும் கடைசிப் பிரிவில் ஒதுங்கிவிடுகிறது. நூல்கள் வெளிவந்த கால வரிசையோ வேறொன்றைக் காட்டுகிறது. ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது, அகராதி 1982இல், 1991ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ அதன் பின்னர். இரு பெரும் நாவல்களுக்கும் நடுவில் நிற்கும் அகராதியைப் புனைவுக்கு வெளியே வைத்துப் படிப்பது பொருந்தாது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் மானாவாரி வேளாண்மையோடு வாழ்ந்தவர் கி.ரா. அம்மண்ணில் ‘காடு’ என்பது வனமன்று. உழுது விதைக்கும் புன்செய். பருத்திக்காடு, கம்பங்காடு என்னும் வழக்குகள் அவ்வாறு அமைந்தவையே. ‘கிடை’ என்பதும் வெறும் ஆட்டுமந்தையைக் குறிப்பதன்று. இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்து எருவேற்றும் ஏற்பாடு அது. ஆடு வளர்ப்போரையும் நிலமுடையோரையும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கச் செய்வது. ‘கிடை’ குறுநாவலில் ஆடுகள் விளைந்த காட்டில் இறங்கியது ஊர் விசாரணையாக வளர்வதன் காரணம் இங்கேதான் உள்ளது. (அம்ஷன்குமாரின் ‘ஒருத்தி’ திரைப்படம் இக்குறுநாவலைத் தழுவியது.) வனத்தில் ஆடு மேய்ந்ததாகப் பொருள்கொள்ளும் வாசகருக்குக் கதையின் முரணே புலப்படாது.

‘கதவு’ சிறுகதையும் இத்தகையதே. தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு கழற்றிச் செல்லப்படுகிறது. மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும் மானாவாரி நிலத்தில் ‘தீர்வை’ என்னும் சொல்லின் கனம் வேறு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்த கதவு, அது போனபின் குளிரைத் தடுத்த காப்பாக உணரப்படுவதில் அக்கனம் வெளிப்படுகிறது.

அகராதியை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்பதும் சரியன்று. ‘கோபல்ல கிராமம்’ தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்தேறிய குடிகளின் கதை. அதன் இடப்பெயர்வு வரலாறு மங்கத்தாயாரு என்னும் முதுகிழவியின் வாய்மொழியாக விரிகிறது. நாவலின் மாந்தர் வீட்டில் தெலுங்கு பேசுவோர். வாசகர் படிப்பதோ கரிசல் தமிழ். ஆகவே அந்நடையைப் பேச்சின் நேரடிப் பதிவு எனக் கூறும் ஆய்வுகள் ஒரு படியைத் தாண்டிவிடுகின்றன. நாவலில் உள்ளது ஆசிரியர் ஆக்கிக்கொண்ட மொழி.

இதற்கு இடைசெவலிலேயே வலுவான சான்று உண்டு. கு. அழகிரிசாமி அதே ஊரில், அதே 1923இல் பிறந்தவர், கி.ரா.வின் நெருங்கிய நண்பர், அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவும் வந்துள்ளன. அவருடைய கதைகளிலும் கரிசல் மக்களே வருகின்றனர். எனினும் கதைசொல்லியின் நடை பெரும்பாலும் பொதுத்தமிழே. மண் ஒன்றாக இருந்தும் நடை வேறுபட்டது. வட்டார வழக்கு மண்ணிலிருந்து தானாக முளைத்ததன்று, கி.ரா. தேர்ந்துகொண்டது. அத்தேர்வுக்கு அவரே தேடிய சொற்சேமிப்பு 1982ஆம் ஆண்டின் அகராதி.