63 சென்டிமீட்டர் மிச்சம்

மூன்று வட்ட கேக்குகளை எடுத்துக்கொள்வோம். விட்டம் 30, 20, 10 சென்டிமீட்டர். உயரம் மூன்றுக்கும் 10. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் திருமண வரவேற்பு மேடைகளில் நாம் பார்க்கும் மூன்றடுக்கு கேக். இவற்றில் எதற்கு ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைத் தோலைப் போர்த்துவது கடினம்? அடியில் இருக்கும் பெரியதைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். உண்மையில் படுத்தி எடுப்பது உச்சியில் உட்காரும் சின்னது. புதிதாகக் கற்பவர்கள் சின்ன கேக்கில் தொடங்கி, ஓரமெல்லாம் மடிந்து கிழிந்து, நமக்கு இது கைவராது என்று விட்டுவிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம், ஏனென்றால் அவர்களைத் தோற்கடித்தது வடிவக் கணிதம்.

கணக்கு எளியது. ஃபாண்டன்டை வட்டமாகத் தேய்த்து கேக்கின்மேல் விரிக்கிறோம். அது மேற்பரப்பை மூடி, பக்கவாட்டில் இறங்கி, அடி வரை வர வேண்டும். 20 செ.மீ. கேக் என்றால் இருபுறமும் பத்துப் பத்து சேர்த்து 40 செ.மீ. விட்டம் தேவை. அந்த வட்டத்தின் சுற்றளவு 126 செ.மீ. அது போய்ச் சேர வேண்டிய கேக்கின் அடிச்சுற்றோ 63 செ.மீ. மிச்சம் 63. பெரிய கேக்குக்கு 157இல் 94 போனால் அதே 63. சின்னதற்கு 94இல் 31 போனால் மறுபடியும் 63. கேக் எவ்வளவு அகலம் என்பதை இந்த மிச்சம் கண்டுகொள்வதே இல்லை. உயரத்தை இரண்டு பை-யால் (2π) பெருக்கினால் வருவது அது, அவ்வளவுதான். ஆனால் பெரிய கேக்கில் 94 செ.மீ. சுற்று முழுவதும் அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம். உச்சிக் கேக்கில் 31 செ.மீ.க்குள் அத்தனையும் அடங்க வேண்டும். அங்கே ஃபாண்டன்டின் விளிம்பு மூன்றில் ஒரு பங்காகக் குறுகியாக வேண்டும்.

இதன் வேர் ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் முன்வைத்த ஒரு தேற்றத்தில் இருக்கிறது. ஒரு பரப்பை நீட்டாமல் சுருக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது என்கிறது அது. தட்டையான தாளுக்கு அந்த வளைவு பூஜ்யம். உருளையின் பக்கச் சுவருக்கும் பூஜ்யம்தான். அதனால்தான் நீளப் பட்டையாக வெட்டிய ஃபாண்டன்ட் கேக்கைச் சுற்றி ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் முழுவதும் மேற்பரப்பும் பக்கமும் சந்திக்கும் அந்த ஓரத்தில். அங்கே குவிந்திருக்கும் வளைவின் மொத்த அளவு இரண்டு பை. கேக் எந்த அளவானாலும் இந்த எண் மாறாது. நம் மிச்சக் கணக்கில் வந்த அதே இரண்டு பை!

கேக் உட்காரும் பலகையான கேக் போர்டை ஃபாண்டன்டால் மூடுவது ஏன் சுலபம் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். தட்டைமேல் தட்டை. போர்டில் லேசாகத் தண்ணீர் தடவி, மூன்று மி.மீ. கனத்தில் தேய்த்த ஃபாண்டன்டை விரித்து, ஸ்மூதர் என்ற தட்டையான கருவியால் நீவி, விளிம்பை வெட்டினால் முடிந்தது. ஓரிரு நாள் முன்பே செய்து காயவிடுவது நல்லது. காய்ந்து இறுகிய பரப்பில் கேக்கை வைக்கும்போது விரல் பதியாது. தொடங்குபவர்கள் முதலில் போர்டு, பிறகு அகலக் கேக், கடைசியில் உச்சிக் கேக் என்ற வரிசையில் பழகலாம்.

கேக்கின் ஓரத்துக்குத் திரும்புவோம். சமையலறை எவர்சில்வர் டம்ளரும் வட்டத்தின் விளிம்பைக் குறுக்கும் இதே சிக்கலைக் கடந்து வந்ததுதான். வட்டத் தகட்டை அச்சுக்குள் அழுத்தி அதை உருவாக்குகிறார்கள். தகட்டின் விட்டம் டம்ளரின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாண்டினால் ஒரே அழுத்தலில் இழுக்க முடியாது, கிழிந்துவிடும். உயரமான டம்ளரைப் பல கட்டமாகத்தான் இழுக்க வேண்டும். சுருக்கம் விழாமலிருக்க விளிம்பை ஒரு வளையம் அழுத்திப் பிடித்திருக்கும். கேக்கில் அந்த வளையத்தின் வேலையைச் செய்வது உள்ளங்கை. மேற்பரப்பை நீவியதும் ஓரத்தைச் சுற்றி அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தொங்கும் எடை முழுவதும் அங்கே இழுத்துக் கிழிக்கும். பிறகு கீழே பாவாடைபோல் விரியும் மடிப்புகளை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் தூக்கித் திறந்து, மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். மடிப்பை மடிப்பாகவே அழுத்துவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். திறந்துவிட்டால் ஃபாண்டன்ட் பக்கவாட்டில் நெருங்கி, கீழ்நோக்கி நீண்டுகொள்ளும். எஞ்சியது போர்டின்மேல் சரியும், அதை வெட்டிவிடலாம்.

துணி இப்படி நெருங்கிக் கொடுக்காது, மடிந்தே தீரும். ஃபாண்டன்டால் மட்டும் எப்படி முடிகிறது? ஒரு கிலோ ஐசிங் சர்க்கரைக்குச் சேர்க்கும் தண்ணீர் சுமார் 60 மில்லிதான். அறை வெப்பத்தில் அவ்வளவு தண்ணீரில் 120 கிராம் சர்க்கரைதான் கரையும். ஆக, நாம் பிசைவது பெரும்பாலும் கரையாத நுண்படிகங்கள். அவற்றுக்கிடையே மெல்லிய பாகு. மெதுவாகத் தொட்டால் படிகங்கள் ஒன்றோடொன்று முட்டித் திடப்பொருளாக நிற்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் பாகில் வழுக்கி நகரும். கையை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். இத்தகைய பொருள்களின் ஓட்டத்தை ஆராய்ந்தவர் அமெரிக்க வேதியியலாளர் பிங்ஹம்; 1922இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். பிசைந்த ஃபாண்டன்ட் கைக்குக் கீழ் இளகி, கையை எடுத்ததும் நிற்கும் அந்தக் கணம் எனக்கு எப்போதும் வியப்புத் தருகிறது.

ஃபாண்டன்டில் சேரும் மற்றப் பொருள்களுக்கும் காரணம் உண்டு. லிக்விட் குளுக்கோஸ் படிகங்கள் பெருத்துவிடாமல் தடுக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அது குறைந்தாலோ, தேய்க்கும்போது சோளமாவு அதிகமானாலோ மேல்தோல் காய்ந்து, நீட்டும்போது மெல்லிய கீறல்கள் விழும். பேக்கர்கள் அதை யானைத்தோல் என்பார்கள். ஜெலட்டின் உள்ளே வலைபோல் பின்னி இழுவை தருகிறது. ஆனால் அந்த வலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி அவிழ்ந்துவிடும். சென்னை மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் ஃபாண்டன்ட் தொய்வது இதனால்தான். சிஎம்சி என்ற செல்லுலோஸ் பவுடர் சேர்ப்பது அதற்கு ஒரு மாற்று.

ஜெலட்டின் மாட்டுத்தோல், பன்றித்தோலிலிருந்து வருவதால் சைவ உணவுக்காரர்களுக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் கலந்த வகையும் உண்டு. அகர் உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு இழுவை குறைவு. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசி அகர் எடுக்கப் பயன்படுவதுதான். கேக் வகுப்புகளில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பல அடுக்கு கேக் பிரிட்டிஷ் அரச திருமணங்களில் வளர்ந்தது. 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் திருமணத்தில் கேக்கின் மேலடுக்குகள் வெறும் சர்க்கரையால் ஆனவை. முழுவதும் கேக்காகவே அடுக்கியது 1882இல், அவருடைய மகன் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில். அன்று பூசியது முட்டை வெள்ளைக்கருவில் அடித்த ராயல் ஐசிங். பூசுகிற பொருளுக்கு மிச்சக் கணக்கு கிடையாது. விரித்துப் போர்த்தும் சர்க்கரைத் தோல் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். இந்தச் சிக்கலும் அதனோடு வந்தது. ஆனால் அடுக்குகளின் எடையைத் தாங்குவதில் இந்தத் தோலுக்குப் பங்கில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனி அட்டையில் உட்கார்ந்து, கீழ் கேக்குக்குள் செருகிய குச்சிகள் வழியாக எடையைப் போர்டுக்கு இறக்குகிறது.

நம் கரையோர ஊர்களில் கடைசிச் சோதனை காற்றின் ஈரம். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி பூக்கும். ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வரும் கேக் சில நிமிடங்களில் வேர்த்து, சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் சூடாகி ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து கொப்புளமாக எழும். கொப்புளத்தை மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தி நீவிவிடலாம். வேர்வைக்கு மருந்து அட்டைப்பெட்டி. கேக்கைப் பெட்டிக்குள் மூடித்தான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்; எடுத்த பிறகும் அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது. ஈரம் பெட்டியின் வெளிப்பக்கம் படியும். துளி விழுந்துவிட்டாலும் தொடாமல் மின்விசிறிக்கு அடியில் விட்டால் காய்ந்துவிடும். துடைத்தால்தான் தடம் நிற்கும்.